கட்டம் பார்ப்பவர்

குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களால் ஊருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். காபியைக் கொண்டுபோய் வைத்தால் குடிப்பார்கள். வைக்காவிட்டால் கேட்கக்கூட மாட்டார்கள். தொந்தரவெல்லாம், போட்டு முடித்தபிறகு அதை விளக்குகிறார்களே, அவர்களால்தான். அவர்கள் தனி இனம். அந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை இங்கே வரைந்து வைக்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் அவரைக் கட்டம் மாமா என்பார்கள், அதுவே போதும்.

அந்தப் பெயராலேயே ஒருமுறை குழப்பம் வந்தது. முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். “மூணாவது மாடியில ஒருத்தர் தினமும் கட்டம் பார்க்கறார் சார்” என்று வாட்ச்மேன் சொன்னதை நம்பி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு போய் நின்றார்.

“சார், கட்டம் பார்ப்பீங்களாமே?”

“தினமும். ஆறு மணிக்கு உட்கார்ந்தா எட்டுக்குள்ள முடிச்சிடுவேன்.”

“ஏழாம் இடத்துலதான் கொஞ்சம் சிக்கல்ங்கறாங்க.”

“ஏழு குறுக்கா, நெடுக்கா?”

வந்தவர் விழித்தார். “செவ்வாய்...” என்று இழுத்தார்.

“செவ்வாய்க்கிழமை கஷ்டமாத்தான் இருக்கும். இப்ப போடற ஆள் கொஞ்சம் வில்லங்கம். உள்ள வாங்க.”

உள்ளே போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். ஜாதகம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. தம் வீட்டுப் பன்னிரண்டு கட்டத்துக்கு வழி கேட்கப் போனவர், 15-க்கு 15, ஆக 225 கட்டத்துக்கு விளக்கம் கேட்டுவிட்டு வந்திருந்தார். பெண்ணுக்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்கும் மாமாவுக்கும் சம்பந்தம் இல்லை.

வார இதழ்களில் வருகிற குறுக்கெழுத்தை மாமா மதிப்பதில்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் போட்டு, ‘யானையின் வேறு பெயர்’ என்று கேட்பார்களே, அதைப் பெரிய வித்வான் பக்கத்துத் தெரு பஜனையைக் கேட்பதுபோலப் பொறுத்துக்கொள்வார். அவருடையது மறைபொருள் வகை. தி இந்துவில் பல்லாண்டுகளாக வருவது. அதில் ஒவ்வொரு குறிப்புக்குள்ளும் விடைக்கு இரண்டு வழி இருக்கும். வாக்கியத்தின் ஒரு முனையில் நேரான பொருள் ஒளிந்திருக்கும். மிச்சமுள்ள சொற்களை உடைத்து, ஒட்டி, திருப்பி, கலைத்து, ஒன்றின் வயிற்றில் இன்னொன்றைச் செருகினாலும் அதே விடைதான் வரவேண்டும். வாக்கியத்தை வாக்கியமாகப் படித்தீர்களோ, தொலைந்தீர்கள். படிக்கிறவனை ஏமாற்றலாம், ஆனால் அவனிடம் பொய் சொல்லக்கூடாது; இதுதான் இந்தக் கலையின் தர்மம் என்பார் மாமா. இந்த ஒரு வரியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

ஏமாற்றுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1926-ல் லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் இந்த வகையை முழு வீச்சில் தொடங்கிவைத்தவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தி ஆட்களை வாட்டிய தலைமை விசாரணையாளரின் பெயர் அது. 1939-ல் அவருக்கு அடுத்து வந்தவர் சிமெனீஸ் என்று இன்னொரு விசாரணையாளரின் பெயரை எடுத்துக்கொண்டார். 1972-ல் வந்தவருக்கு டெஸா என்ற விசாரணையாளர் கிடைத்தார். ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி அஸெட் ஆனார். வாட்டப்போகிறோம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டு உட்கார்ந்தவர்கள். நம் பக்கத்திலும் ஆள் சளைத்தவர் அல்ல. தி இந்துவுக்கு ஆரம்ப காலத்தில் புதிர் அமைத்துத் தந்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958-ல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். கப்பல்படையை நடத்தியவர் ஓய்வுபெற்றபின் வாசகர்களைக் கலங்கடித்தார் என்பதில் மாமாவுக்கு அப்படியொரு பெருமை. தாமும் அந்தப் படையில் இருந்ததுபோலவே பேசுவார். மாமா வங்கியில் இருந்தார்.

‘உட்கார்ந்து இதைப் போட்டு என்ன பிரயோஜனம்’ என்று வீட்டில் யாராவது கேட்டால் இரண்டாம் உலகப்போர் வெளியே வரும். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கச்சொல்லி ஒரு போட்டி வைத்தது. கலந்துகொண்ட சிலரைப் பிறகு ரகசியமாக அழைத்து, ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைக்கிற பிளெட்ச்லி பார்க் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஹிட்லரைத் தோற்கடித்தது யார்? மாமா பதில் சொல்லமாட்டார். கையிலுள்ள பென்சிலை மட்டும் பார்ப்பார். 1944 மே மாதக் கதை இன்னும் பெரியது. நார்மண்டியில் படை இறங்குவதற்குச் சில வாரம் முன்பு, அதே பத்திரிகையின் புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி என்று படையெடுப்பின் ரகசியப் பெயர்கள் ஒவ்வொன்றாக விடையாக வந்தன. புதிர் அமைத்த லெனார்ட் டா என்ற தலைமையாசிரியரை உளவுத்துறை விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். மாமாவுக்கு அதில் வேறு வருத்தம். “யூட்டாவுக்கு என்ன க்ளூ போட்டான் தெரியுமோ? ‘அமெரிக்காவில் ஒன்று’ங்கற மாதிரி. மாநிலத்தை மாநிலம்னே சொல்றது ஒரு க்ளூவா? அதுக்கே உள்ள தள்ளியிருக்கணும்.”

இவ்வளவும் ஆங்கிலப் புதிர் சமாசாரம் என்பதால் குடியிருப்பில் பாதிப்பேர், ‘நமக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாது மாமா’ என்று தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலையும் அடைக்கத்தான் மாமா தமிழில் குறிப்பு எழுத ஆரம்பித்தார். தமிழில் இது இன்னும் அழகாக வரும். எழுத்தை உயிர்மெய்யாக அப்படியே பெயர்த்து வைக்கலாம்.

முதலில் மாட்டியவர் வாட்ச்மேன். ‘சோலையைப் பரப்பினால் கர்நாடகத்திடம் கேட்டுக்கேட்டு வாங்குவது, மூன்றெழுத்து.’

“தண்ணி சார்.”

“அது ரெண்டரை. சோலைக்கு ஒரே எழுத்துல என்ன சொல்லுவா?”

“...”

“கா!”

“காக்காவா சார்?”

“கா. சோலை. பரப்பினால், விரி. கா, விரி. காவிரி!”

“காவிரின்னு முதல்லயே தோணிச்சு சார். அது ஆறாச்சே, வாங்குவதுன்னு இருக்கேன்னு விட்டுட்டேன்.”

தண்ணீருக்கு இரண்டரை எழுத்து எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் விளக்கிவிடுவார் என்பதால் கேட்கவில்லை.

இரண்டாம் மாடிப் பையன் ஒருநாள் முகம் தொங்கி வந்தான். மாமா லிஃப்ட் வாசலில் காத்திருந்தார். ‘சாவியைத் திருப்பினால் அமெரிக்கா திறக்கும், இரண்டெழுத்து’ என்றார். “விசா கிடைக்கலை மாமா” என்றான் அவன், எதையும் காதில் வாங்காமல். “விசா! கரெக்ட்! எப்படின்னு சொல்லு?” பையன் அழுதேவிட்டான். மாமா அவன் தோளில் கைபோட்டு, சாவியின் இரண்டு எழுத்தையும் முன்பின்னாக மாற்றிக் காட்டி ஆறுதல் சொன்னார்.

வாடகைக்கு ஒரு வீடு விட்டிருக்கிறார். தேதி ஐந்தாகியும் பணம் வராவிட்டால் நேரில் கேட்கக் கூச்சம். வாட்ஸாப்பில் இப்படி அனுப்புவார்: ‘கை பின்வாங்கி வாட, மாதாமாதம் வீட்டுக்காரர் வாங்குவது (3).’ குடியிருப்பவன் கெட்டிக்காரன். அடுத்த நிமிடமே பதில் போடுவான்: ‘கை பின்னால் போகிறது, வாட முன்னால் வருகிறது, வாடகை. பிரமாதம் சார்!’ மாமா நாள் முழுக்கப் பூரித்துத் திரிவார். அந்தச் சந்தோஷத்தில் வாடகை இரண்டு மாதம் நிற்கும்.

ஆனால் ஒன்று. விளக்கம் கேட்பவருக்கு விடை தெரியக்கூடாது. தெரியாமல் தவிக்கவும் கூடாது. ‘ஓஹோ’ என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டும். மாமா பாதி விளக்கத்தில் இருக்கும்போது ‘புரிஞ்சுடுத்து மாமா’ என்று குறுக்குச்சால் ஓட்டினால் அவர் முகம் சுருங்கிவிடும். புரிந்தவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

இதைவிடக் கொடுமையான நாள், விடை தெரிந்து காரணம் தெரியாத நாள். அது மாதத்துக்கு இரண்டுமுறையாவது வரும். குறுக்கே விழுந்த எழுத்துகளையும் பொருளையும் வைத்துப் பார்த்தால் விடை அதுவாகத்தான் இருக்கவேண்டும். வேறு எதுவும் உட்காராது. ஆனால் எப்படி வந்தது? கட்டம் நிரம்பிவிடும், மனம் நிரம்பாது. அன்று சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுவார். ஒரு கல்யாணத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு தாலி கட்டுகிற நேரத்தில், “ஓ, ‘டாக்டர்’ங்கறது கலைக்கச் சொல்றதா!” என்று உரக்கச் சொன்னார். பெண்வீட்டில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் கலைக்கச் சொன்னதாகச் செய்தி பந்திக்குள் பரவி, சாயங்காலம்வரை அடங்கவில்லை.

மறுநாள் பேப்பரில் விடை வருமே என்பீர்கள். வரும். வெறும் விடைதான் வரும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. மாமாவின் இனமே பிழைப்பது அந்த இடைவெளியில்தான். நமக்கு இது புதிதும் அல்ல. பாட்டு ஒருவருடையது, உரை இன்னொருவருடையது என்று எத்தனை நூற்றாண்டு ஓட்டியிருக்கிறோம்! பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், எங்கோ ஓர் அடியில் கிடக்கும் சொல்லைத் தூக்கிவந்து வெகுதூரம் தள்ளியிருக்கிற இன்னோர் அடியோடு முடிச்சுப்போடுவார். ‘மாட்டு’ என்று அதற்குப் பெயரும் உண்டு. இது ஆசிரியர் கருத்துக்கு அடுக்குமா என்று மறைமலையடிகள் சண்டைக்கே போனார். மாமா நச்சினார்க்கினியர் கட்சி. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் பத்துக்கு ஒருவர் அந்தக் கட்சியாகத்தான் இருப்பார் என்பது என் கணிப்பு. எல்லாருக்கும் புதிர் கிடைப்பதில்லை, கிடைக்காதவர்கள் அரசியல் பேசுகிறார்கள்.

உரையாசிரியர் என்றால் மறுப்புரைக்காரர் வராமலா? அடுத்த தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் குடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீட்டுக்கு வரவழைக்கப்பட்டார். நானும் இருந்தேன், சாட்சியாக. மாமா தம் சொத்தையெல்லாம் போட்டு எழுதிய குறிப்பை நீட்டினார்: ‘முழுசாகக் கத்தாத பூனை நெஞ்சுக்குள் புகுந்தால் மருமகளை மிரட்டுபவர் (4).’

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பூனையை ஏன் சொல்றீங்க? கத்தறதைச் சொன்னாப் போதாதா?”

“பூனை கத்தினா மியாவ். முழுசாக் கத்தலைன்னா வ் போயிடும். மியா.”

“எங்க ஊர்ப் பூனை ஞாவ்னு கத்தும்.”

“சார், அது ஊர்ப் பூனை. இது பொதுப் பூனை.”

“சரி, நெஞ்சு?”

“மார். மா-வுக்கும் ர்-க்கும் நடுவுல மியா புகுந்தா...”

“மார்னா நெஞ்சா? மார்புதானே நெஞ்சு?”

“மார்னாலும் நெஞ்சுதான். மார்தட்டறதுன்னு சொல்றதில்லையா? அகராதியை எடுக்கட்டுமா?”

“எடுங்க. இன்னொண்ணு. முழுசாகங்கறது கத்துறதுக்கு அடையா, பூனைக்கு அடையா? பூனைக்குன்னா பூ மட்டும்தான் நிக்கும். அப்ப விடையே வேற.”

மாமா நாற்காலியில் ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அகராதித் தொகுதியை இறக்கினார். பேராசிரியர் அதற்குள் இலக்கணம் எடுத்துவிட்டார். அடை எதைத் தழுவும் என்று அரைமணி நேரம் போயிற்று. நான் ‘ஓஹோ’ சொல்லவேண்டிய இடம் எதுவென்று தெரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி காபி டம்ளர்களோடு வந்தார். மேஜைமேல் கிடந்த தாளை ஒரு பார்வை பார்த்தார்.

“மருமகளை மிரட்டறது, நாலெழுத்து. மாமியார். இதுக்கு எதுக்கு இத்தனை பெரிய அகராதி?”

அறை அமைதியானது. மாமா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

“விடை சரி. ஆனா ஏன்னு சொல்லத் தெரியுமா உனக்கு?”

“ஏன் தெரியாது?” என்றார் மாமி, டம்ளரை அவர் கையில் கொடுத்தபடி. “பதினெட்டு வருஷம் உங்கம்மாவோட குடித்தனம் பண்ணியிருக்கேன்.”