சுவரின் கால்மாட்டில்

கேள்வி: வாப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஆசை ஆசையாக ஹால் முழுக்க கார்ப்பெட் ஒட்டினார். சுவரோரம் அடியில் ஓடும் மரப்பட்டையில் (ஸ்கர்ட்டிங்) இப்போது பெயின்ட் உரிந்து நிற்கிறது. தர்கா கந்தூரி விழாவுக்கு விருந்தாளிகள் வருவதற்குள் அடித்தாக வேண்டும். "பிரஷ்ஷோடு எவனாவது உள்ளே வந்தால் காலை ஒடிப்பேன்" என்கிறார் உம்மா. என்ன செய்யட்டும்?
– வாசகி, நாகூர்

பதில்: நான் உம்மா கட்சி. கார்ப்பெட்டில் விழுந்த எனாமலுக்கு ஆயுசு கெட்டி. ஆனாலும் யார் காலையும் ஒடிக்க வேண்டாம். டப்பாவைத் திறப்பதற்கு முன் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

அந்த அரை நாளும் கார்ப்பெட்டை மூடுவதற்குத்தான். பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துப் போட்டு "மூடியாச்சும்மா" என்பார்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே அரை இஞ்சு கார்ப்பெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பெயின்ட் குறி பார்த்து அங்கேதான் விழும். அகலமான மாஸ்கிங் டேப்பை மரப்பட்டையை ஒட்டினாற்போல் கார்ப்பெட்டின் மேல் ஒட்டுங்கள். பிறகு பட்டி பார்க்கிற பிளேடால் டேப்பின் உள்விளிம்பை, கார்ப்பெட்டுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள சந்துக்குள் அழுத்திச் செருகுங்கள். ஒரே மூச்சில் இழுக்காமல் ஒரு முழம் ஒரு முழமாகச் செய்ய வேண்டும். கார்ப்பெட்டின் இழைகள் படுத்துக்கொள்ளும். பட்டையின் அடிவிளிம்பு முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் ஷீட், ஷீட்டின் ஓரத்துக்கு இன்னொரு டேப்.

அடுத்தது பழைய பெயின்ட். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் அறை முழுக்கப் பறந்து கார்ப்பெட்டுக்குள் இறங்கும். அதே இடத்தில்தான் குழந்தை தவழும், கையை வாயில் வைக்கும். வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கி, நனைத்து நனைத்துத் தேய்த்து, அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் லாத்தா (அக்கா) வீட்டில் இருக்கட்டும்.

அடிக்கிற அன்று டப்பா வாசலிலேயே இருக்க வேண்டும். உள்ளே வருவது ஒரு கொட்டாங்கச்சி பெயின்ட் மட்டும். கவிழ்ந்தாலும் அவ்வளவுதானே கவிழும்! பிரஷ்ஷின் நுனி நனைந்தால் போதும். முதலில் பட்டையின் மேல்விளிம்பு, பிறகு நடு, கடைசியாக அடி. அடிவிளிம்புக்கு வரும்போது இன்னொரு கையில் பழைய எக்ஸ்ரே ஷீட்டைப் பிடித்துக்கொள்ளலாம். மெல்லியது, விறைப்பானது, சந்துக்குள் சரியாக உட்காரும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அதன் ஓரத்தைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால், காப்பாற்ற வந்த ஷீட்டே கறையைப் பரப்பிவிடும்.

தண்ணீரில் கலக்கிற எனாமலையே வாங்குங்கள். வாடையும் குறைவு, சில மணி நேரத்தில் காய்ந்தும்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பின் விளிம்பில் ஒரு முறை பிளேடை மெல்ல ஓட்டிவிட்டு, சாய்வாக நிதானமாக இழுங்கள். நேராகப் பிய்த்தால் புதுப் பெயின்டும் சேர்ந்து வரும்.

கேள்வி: இவ்வளவு செய்தும் ஒரு சொட்டு விழுந்துவிட்டால்?
– வாசகர், காரைக்கால்

பதில்: தேய்க்காதீர்கள். தேய்த்தால் சொட்டு நாலு விரல் அகலமாகும். ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, சோப்பு கலந்த தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்து வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். எண்ணெய் எனாமல் என்றால் டர்பன்டைன், அதையும் துணியில் தொட்டுத்தான். கார்ப்பெட்டின் மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். காய்ந்துபோன பொட்டு சின்னதாக இருந்தால் அந்த இழையின் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது.

கேள்வி: எங்கள் வீட்டில் கார்ப்பெட்டும் கிடையாது, மரப்பட்டையும் கிடையாது. சுவரின் அடியில் இரண்டடிக்கு எனாமல் பார்டர் அடிக்கிறோம். வருஷா வருஷம் பொரிந்து பொரிந்து கொட்டுகிறது. எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது?
– வாசகர், திருமருகல்

பதில்: பெயின்ட் கம்பெனியை விடுங்கள். உங்கள் சுவர் உப்புத் தண்ணீர் குடிக்கிறது. கடலோர வட்டாரத்து மண் இது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தரையிலிருந்து ஈரம் செங்கல்லுக்குள் ஏறுகிறது. கரைந்த உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. தண்ணீர் சுவரின் முகத்தில் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே படிகமாகும். அது வளர வளரப் பூச்சை உள்ளேயிருந்து தள்ளும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல்நீர் புகுந்து நின்ற வீடுகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இதன் மேல் எனாமல் அடிப்பது சுவரின் மூக்கை அடைப்பதற்குச் சமம். மூச்சு விட வழியில்லாத ஈரம் பார்டருக்கு மேலே ஏறும். அடுத்த வருஷம் மூன்றடிக்குப் பார்டர் அடிப்பீர்கள், அதற்கடுத்த வருஷம் நாலடிக்கு. இந்தச் செலவை எத்தனை வீடுகள் தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டிச் சாக்கடை தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் அடிச்சுவரில் விழுகிறதா, தெரு உயர்ந்து வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா? அதைச் சரி செய்யாமல் உள்ளே பிரஷ்ஷைத் தொட வேண்டாம். பிறகு ஈரக்கோட்டுக்கு ஓரடி மேலே வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். கோடை முழுக்க அந்தச் சுவர் காயட்டும். அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளை. நம் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் சுண்ணாம்பை நம்பியதற்குக் காரணம் இருந்தது: அது ஈரத்தை வெளியே விடும்.

கேள்வி: கந்தூரி சமயத்தில் அடித்த பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறதே?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கந்தூரி பிறைக் கணக்கு. 2024-ல் கொடியேற்றம் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால், இன்னும் சில வருஷங்களுக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் வரும். 2034 வாக்கில் ஆகஸ்ட்டுக்குப் போய்விடும். மழையோடு வருகிற வருஷங்களில் செப்டம்பரிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

கேள்வி: நாகூர் தர்கா மினாராவுக்கு வெள்ளையடிப்பது கஷ்டமா, வீட்டு மூலையில் பட்டைக்குப் பெயின்ட் அடிப்பது கஷ்டமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிய பெரிய மினாரா 131 அடி. அங்கே ஏறுகிறவருக்கு நெஞ்சுரமும் இடுப்பில் நல்ல கயிறும் வேண்டும். பட்டைக்கு அடிக்கிறவருக்கு முழங்கால் வேண்டும். நாள் முழுக்க மண்டி போட்டு, தலையைத் தரையோடு வைத்து வேலை பார்க்கிறார். சதுர அடிக் கணக்கில் அளந்தால் அந்த நாலு இஞ்சுப் பட்டைக்கு ஒன்றும் தேறாது. நாள் கூலி பேசுங்கள். டேப் ஒட்டுகிற நேரத்தையும் வேலையாகச் சேர்த்துப் பேசுங்கள். அவசரப்படுத்தாதவரை அவர் சொட்டவிட மாட்டார். மண்டி போட ஒரு தலையணையும் கொடுங்கள்.

கேள்வி: நாகூரில் கார்ப்பெட்டே தேவையா?
– வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: தமிழகக் கடற்கரையிலிருந்து போனவர்கள் நாகூர் தர்காவின் நினைவாக 1828-30-ல் சிங்கப்பூர் டெலோக் ஆயர் தெருவில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அங்கிருந்து கார்ப்பெட் இங்கே வருவதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கார்ப்பெட் ஏசி ஓயாமல் ஓடும் அறைக்குத்தான் ஏற்றது, ஜன்னல் திறந்தால் கடற்காற்று அடிக்கும் ஹாலுக்கு ஏற்காது. சுவரோடு ஒட்டிய கார்ப்பெட் அடிச்சுவரின் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், உப்பு பூப்பதையும் மறைக்கும். முதல் கேள்வி கேட்ட நாகூர் வாசகிக்கும் இதையே சொல்கிறேன்: விருந்தாளிகள் ஊர் திரும்பியதும் நல்ல கார்ப்பெட் ஆளைக் கூப்பிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி நறுக்கி, ஓரம் அடித்து, சுருட்டக்கூடிய விரிப்பாக மாற்றிவிடுங்கள். வாப்பா வாங்கியதும் வீணாகாது, அடுத்த முறை டேப்பும் வேண்டாம்.