முன் லோடர் மாற்றியமர்த்தல்: ஒரு பதிப்பியல் நோக்கு

ஒரு டிராக்டருக்கென்று செய்த முன் லோடரை வேறொரு டிராக்டரில் மாட்டும் வேலையைப் பட்டறைக்காரர் பாடு என்று அறிஞருலகம் இதுவரை ஒதுக்கி வைத்திருக்கிறது. இது பெரும் பிழை. இவ்வேலை முறைப்படி பதிப்பியலைச் சேர்ந்தது. மூலம் ஒன்று கையில் கிடைக்கிறது; அது பிறந்த சூழல் போய்விட்டது; இடையில் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு திருத்தம் செய்திருக்கிறார்கள். எஞ்சியதைச் சேர்த்து, படிப்பவர் தலையில் விழாதபடி நிறுத்த வேண்டும். சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். அவர்களுக்குக் கிரீஸ் கறை மட்டும் கிடையாது.

ஆய்வு எல்லையைச் சொல்லிவிடுவது மரபு. களம், அமெரிக்க மத்திய மேற்கின் பண்ணை ஏலங்கள். லோடர், 1939 முதல் 1953 வரை வெளிவந்த ஃபார்மால் ஹெச் டிராக்டருக்காகச் செய்தது. அதை ஏற்க வேண்டிய உடல், 1947 முதல் 1952 வரை வெளிவந்த ஃபோர்டு 8என். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி என்பதால் தொழுவத்துக்குத் தொழுவம் ஒன்று கிடைக்கிறது. இரண்டுமே 25 குதிரைத்திறனை ஒட்டியவை. “ஏறக்குறைய ஒண்ணுதானே!” என்று வாங்குபவர் துணிவது இந்த ஒற்றுமையை நம்பித்தான்.

முதல் கண்டுபிடிப்பு பிராக்கெட் பற்றியது. ஏலத்துக்கு வரும் லோடரில் இரண்டு கைகள் இருக்கும், பக்கெட் இருக்கும், எண்ணெய் ஒழுகும் சிலிண்டர்கள் இருக்கும். டிராக்டரோடு சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் மட்டும் இரா. அவை பழைய டிராக்டரோடு போயிருக்கும், அல்லது என்னவென்று தெரியாமல் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். விற்பவரைக் கேட்டால், “எல்லாம் இருக்குங்க, சும்மா மாட்ட வேண்டியதுதான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இருக்கிறதுதான். லோடர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் இதுவே: விலையுள்ள பகுதி அதில் இல்லை.

அடுத்து மூலபாட ஆய்வு. இடது கையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். சுழலும் மூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, விரிசலின்மேல் ஒரு பட்டைத் தகடு பற்றவைத்திருக்கும். அதன் வெல்டிங் சீராக, மீன் செதில் அடுக்கியதுபோல் ஓடினால் முதல் உரையாசிரியர் தொழில் தெரிந்தவர். அந்தத் தகட்டின்மேல் இன்னொரு தகடு, குமிழ் குமிழாகச் சொட்டிய வெல்டிங்கோடு ஒட்டியிருந்தால் அது பிற்கால இடைச்செருகல். பெரும்பாலும் பனிக்காலத்தில், இருட்டிய பின் செய்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் காலவரிசையும் கிடைக்கும்: மேலே மஞ்சள், நடுவே துருத்தடுப்புப் பூச்சு, அடியில் சிவப்பு. பின் (முளை) இருக்க வேண்டிய துளையில் நீளமான போல்ட் ஒன்று செருகியிருக்கும், அதன் மரை பாதி தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். பக்கத்துத் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், இந்த லோடர் இதற்கு முன்பே ஒருமுறை வேறு வண்டிக்கு மாறியிருக்கிறது என்று ஐயமின்றித் துணியலாம்.

இனி உடல். ஃபார்மாலில் எஞ்சினின் இருபுறமும் சட்டம் ஓடும். லோடரை அதில் முடுக்கலாம். 8என் வண்டிக்குச் சட்டமே கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முதுகெலும்பாக நிற்பவை, அனைத்தும் வார்ப்பு இரும்பு. லோடரை முன்னால் மட்டும் தொங்கவிட்டால் ஒவ்வொரு தூக்கலுக்கும் அந்த மூட்டுகள் வளையப் பார்க்கும். வார்ப்பு இரும்புக்கு வளையத் தெரியாது. ஆகவே பின் அச்சு வரை ஓடும் துணைச்சட்டம் ஒன்று புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

உயரத்திலும் சிக்கல். ஃபார்மாலின் பின்சக்கர ரிம் 38 அங்குலம், ஃபோர்டினுடையது 28. லோடரின் மூட்டு தாழ்ந்துவிடுவதால், கைகள் முழுதாக இறங்குமுன்பே பக்கெட் தரையைத் தொட்டுவிடுகிறது, அதுவும் குதிகாலால். வெட்டும் முனை வானத்தைப் பார்த்தபடி நிற்க, எருவைக் கோர வேண்டிய பக்கெட் எருவின்மேல் சறுக்கி ஏறுகிறது. ஹெச் பெரும்பாலும் முன்சக்கரம் இரண்டும் நடுவில் ஒட்டியிருக்கும் மூன்றுசக்கரத் தோற்றம். ஃபோர்டின் முன்சக்கரங்கள் அகலத்தில் நிற்பவை. முழுதாக ஒடித்துத் திருப்பினால் டயர் லோடரின் கையில் போய் உரசும். இதற்குக் கேஸ் வைத்து வெட்டுவதைத் தவிர வேறு தத்துவம் எனக்குத் தெரியவில்லை.

பம்ப் விஷயத்தில்தான் ஆய்வாளன் சற்று உட்கார வேண்டியிருக்கிறது. 8என் வண்டியின் ஹைட்ராலிக் பம்ப் கிளட்ச்சுக்குப் பின்னால், இணைப்புக் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டால் ஓடுவது. கிளட்ச்சை மிதித்தால் பம்ப் நின்றுவிடும். கலப்பைக்கு இது ஒரு குறையே இல்லை. லோடர் ஓட்டுபவரோ தூக்கிக்கொண்டே நிறுத்தி, கியர் மாற்றிப் பின்வாங்க வேண்டியவர். அவர் கால் கிளட்ச்சில் இருக்கும் நேரமே அதிகம். இந்த அமைப்பு, கலப்பையைப் பின்னால் மாட்டும் மூன்றுமுனை இணைப்பை வடிவமைத்த ஹாரி ஃபெர்குசன் வழியில் வந்தது. 1938இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில் ஏதுமின்றிக் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாடு, ஃபோர்டின் பேரன் காலத்தில் முறிந்து, வழக்காகி, 1952இல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடிந்தது. அவருடைய ஹைட்ராலிக் அமைப்பில் சிலவற்றைக் கைவிடவும் ஃபோர்டு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்து 1953இல் வந்த மாடலில் பம்ப்பை எஞ்சினே நேராக ஓட்டியது. ஆக, கிளட்ச் மிதித்ததும் பக்கெட் பாதியில் நிற்பதா தொடர்ந்து ஏறுவதா என்பதில் வக்கீல்களுக்கும் பங்குண்டு.

அதற்கு மூத்த 8என் வண்டியை வாங்கியவர் முன்னால் தனி பம்ப் வைத்து, கிராங்க் தண்டிலிருந்து ஓட்ட வேண்டும். வைத்ததும் இன்னொன்று தெரியவரும். 1950 நடுவில்தான் 8என் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பக்கவாட்டுக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றில் அது எஞ்சின் முகப்பில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பாயின்ட் பார்க்கக் கையை உள்ளே விடுவதே ஏற்கெனவே தடவிப் பார்க்கும் கலை. இப்போது பம்ப்பும் அதன் ஹோஸ்களும் எதிரே வந்து காவல் நிற்கின்றன.

இங்கிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: பலவீனத்தை நீக்க முடியாது, அடுத்த உறுப்புக்கு அனுப்பத்தான் முடியும். சட்டத்தை வலுப்படுத்தினால் சுமை முன் அச்சின் நடுப் பின்னுக்குப் போகும். அதை மாற்றினால் ஸ்டியரிங்குக்கு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பக்கெட் நிறைய ஈர எருவோடு நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தவருக்கு மேற்கோள் தேவையில்லை. முன்பாரம் கூடினால் பின்சக்கரம் பிடியிழந்து சுழலும். அதற்காகப் பின்டயரில் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவார்கள். அது கசிந்தால் ரிம்மைத் தின்னும். அதுவும் போதாமல் மூன்றுமுனை இணைப்பில் கான்கிரீட் பெட்டி தொங்கும். எந்த இணைப்புக்காக ஃபோர்டும் ஃபெர்குசனும் கைகுலுக்கினார்களோ அதில் கலப்பைக்கு இனி இடமில்லை.

இவ்வளவுக்குப் பின் லோடர் வேலை செய்கிறது என்பதை மறுக்கலாகாது. நன்றாகவே செய்கிறது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று நாள் முழுதும் கிளட்ச்சை மிதித்து எடுத்ததில் தேய்வது கிளட்ச் தட்டு. 8என் வண்டியில் தட்டை மாற்ற, எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே வண்டியை இரண்டாகப் பிளக்க வேண்டும். அந்த மூட்டு பிரியக்கூடாது என்றுதான் துணைச்சட்டத்தை முன்னிருந்து பின் அச்சு வரை ஓடவிட்டுப் போல்ட் போட்டு, ஆடாமல் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் வெல்டிங்கும் வைத்திருக்கிறோம்.