கீசர் சுடாமை: சிவப்பு விளக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி, கோவை வடவள்ளியில் ஒரு குளியலறை. சுவிட்சைப் போட்டாயிற்று. கீசரின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிகிறது. குழாயைத் திறந்தால் வெள்ளியங்கிரி மலையிலிருந்து நேரே இறங்கி வந்ததுபோல் சில்லென்று தண்ணீர். விளக்கு எரிவதற்கும் தண்ணீர் சுடுவதற்கும் என்ன உறவு என்பதே இவ்வாய்வின் சிக்கல். மலையில் புகையைக் கண்டால் அங்கே நெருப்பு உண்டு என்று சாதித்த தருக்க நூலார் கீசர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் சொல்லாராய்ச்சி. கீசர் என்பது ஐஸ்லாந்தில் தரையைப் பிளந்து பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயிண்டர், வாயுவை எரித்துத் தண்ணீர் காயவைக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு இப்பெயரை வைத்தார். அதில் புகைபோக்கி கிடையாது. குளிக்கப் போனவர் திரும்பி வருவது அவரவர் ஊழ். கீசருக்குள் சூட்டை அடக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அச்சொல் 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலார் ஆண்ட்ரூ யூர் உண்டாக்கியது. பொருளோ சொல்லுக்கு மூத்தது: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர் கார்னெலிஸ் டிரெபல், கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பில் சூட்டைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். எங்கள் பகுதி எலக்ட்ரீசியன்கள் தெர்மோஸ்டாட்டைத் 'தர்மாஸ்டேட்டு' என்பார்கள். தர்மத்துக்கும் அதற்கும் தொடர்புண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. பில் வரும்போது இல்லை என்றே தோன்றுகிறது.

இக்கருவி வருமுன் கொங்கு நாடு பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. பொடக்காலியில் மூன்று கல், மேலே அண்டா, கீழே தென்னம்பாளையும் மட்டையும். வசதியான வீட்டில் செம்பு பாய்லர். சூட்டை அளக்கும் கருவி அப்பத்தாவின் வலது கை ஆள்காட்டி விரல். அது நீருக்குள் போய் வெளியே வரும் வேகத்தைக் கொண்டு எத்தனை சொம்பு பச்சைத் தண்ணி விளாவ வேண்டும் என்று முடிவாகும். அறுபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த விரலுக்கு ஆள் அனுப்பிப் பழுது பார்த்ததில்லை.

இனி முன்னாய்வுகள். ஒறம்பரையாக வந்திருந்த மாமனார், கீசரைக் கண்ணால் பார்க்காமலே, "கண்டென்சர் போயிருக்குமுங்க மாப்பிள்ளை" என்றார். கீசருக்குள் கண்டென்சர் கிடையாது. ஆனால் இக்கூற்றை அறியாமை என்று தள்ளுவது வரலாறு தெரியாதவர் செயல். 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவ்வூரிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அதற்குப் பின் இங்கே தெருவுக்கு ஒரு பட்டறை, தோட்டத்துக்கு ஒரு பம்புசெட்டு. ஆகவே கோவைக்காரருக்கு உலகிலுள்ள எந்த இயந்திரமும் மோட்டாரின் ஏதோ ஓர் அவதாரம்தான். மிக்சி, ஃபேன், சில சமயம் மருமகன், எது ஓடாவிட்டாலும் ஒன்று காயில், இல்லாவிட்டால் கண்டென்சர்.

இரண்டாவது கொள்கை என்னுடையது: வோல்டேஜ் குறைவு. இதற்குக் கணக்கு உண்டு. 2 கிலோவாட் கீசர், 230 வோல்ட்டில், 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 18 நிமிடம் பிடிக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சூடு வோல்டேஜின் இருபடிக்கேற்பக் குறைந்து, அதே வேலைக்கு அரை மணி ஆகும். கணக்கில் பிழையில்லை. முக்கால் மணி நேரம் துண்டோடு நின்றும் தண்ணீர் சுடவில்லை என்பதுதான் பிழை.

எலக்ட்ரீசியனை அழைத்தோம். "ரெண்டு நிமிசத்துல வாரேனுங்க" என்றார். மூன்றாம் நாள் வந்தார்.

வந்தவர் பேசவே இல்லை. முதலில் எம்.சி.பி.யை இறக்கினார், டெஸ்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டார், பிறகுதான் ஸ்குரூவில் கை வைத்தார். மூடியைக் கழற்றியதும் விளக்கின் குட்டு வெளிப்பட்டது. எங்கள் கீசரில் அந்தச் சிவப்பு விளக்கு, கட்-அவுட்டுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் முன்னாலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. வாசலுக்கு மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே அதனால் சொல்ல முடியும். உள்ளே போனதா என்று அதற்குத் தெரியாது. வேறு சில கீசர்களில் விளக்கு தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கே விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடாவிட்டால் காயில் போயிருக்கும். (மாமனார் இவ்விடத்தில் தொண்டையைச் செருமினார்.)

எங்கள் வீட்டில் கட்-அவுட் விழுந்திருந்தது. சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை. சுடாத கீசரில் சூடு எப்படி மீறியது? சிறுவாணித் தண்ணீர் நமக்குக் குடிக்க. மாடித் தொட்டிக்கும் அதன் வழியே கீசருக்கும் போவது போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணி. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, காய்ச்சக் காய்ச்சக் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். காயில் மேல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. தெர்மோஸ்டாட்டின் குழல் மேல் படிந்தால் சூட்டின் சேதி அதற்கு நேரத்தோடு எட்டாது. காயில் கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளுக்குள் வேகிறது, தண்ணீர் வெளியே நடுங்குகிறது, கட்-அவுட் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுகிறது.

பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று கட்-அவுட் சேர்ந்துவிடும். படிவை நீக்காமல் அதை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பது வம்பு என்று, வந்ததிலிருந்து முதல்முறையாக வாய் திறந்தார் எலக்ட்ரீசியன். தொட்டியை வடித்துக் காயிலை உருவினார். வெள்ளை வெளேரென்று விரற்கடை கனத்துக்கு ஓடு. ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டத் தட்டச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. மாமனார் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கண்டென்சர் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

மாட்டி, பட்டனை அமுக்கி, தண்ணீர் நிரப்பி, எம்.சி.பி.யை ஏற்றினார். பதினெட்டாம் நிமிடம் சுடுதண்ணி வந்தது. அப்பத்தா அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தரையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கினார்.

"ஏஞ் சாமி, இது வெத்தலைக்கு ஆகுமா?"

"ஆகாதுங்க ஆத்தா. இதைக் காளவாயில போட்டுச் சுட்டு நீத்துனாத்தான் சுண்ணாம்பாகுமுங்க."

"சுடோணும், அவ்வளவுதான? அதுதான் பொட்டி சரியாப் போச்சே" என்று சில்லுகளை முந்தானையில் முடிந்துகொண்டார்.