மாமா, மே 1 எனக்கு லீவு இல்லை

சிகாகோ,
மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

எடுத்த எடுப்பில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒவ்வொரு மே முதல் தேதியும் சங்கக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரம்பூரிலிருந்து போன் போடுவீர்கள். "என்னடா, மே தினம் பொறந்த ஊர்லயே இருக்கே, கொடுத்து வச்சவன்! லீவுல என்ன பண்றே?" "சும்மா வீட்லதான் மாமா" என்பேன். அப்போது இங்கே காலை ஒன்பதரை. ஆபீஸ் நடையில், தண்ணீர் மெஷின் பக்கம் ஒதுங்கி நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பேன். "ஏண்டா தொண்டை கட்டிருக்கு?" என்று மாமி கேட்டது இதனால்தான்.

இந்த ஊரில் மே 1 லீவே கிடையாது மாமா. 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டு இங்கே வேலைநிறுத்தம் நடந்தது, மே 4 அன்று ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது, மறு வருஷம் நான்கு பேரைத் தூக்கில் போட்டது எல்லாம் நீங்கள் எனக்குப் பாட்டிக் கதைக்குப் பதிலாகச் சொன்னவை. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். நமக்கு அன்று லீவு. பெற்றெடுத்த ஊருக்கு இல்லை. இவர்களுடைய தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள். 1894இல் சட்டம் போட்டு வைத்தார்கள். அன்று ஊரே கறி சுடும். கடைகளில் மெத்தை தள்ளுபடி.

அப்படியானால் மே 1 என்ன? 'விசுவாச தினம்'. சிரிக்காதீர்கள், நிஜம். 1921இல் 'அமெரிக்கமயமாக்கல் தினம்' என்று ஆரம்பித்தார்கள். 1958இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. ஜனாதிபதி ஐசனோவர் அறிவிக்க, 1959 மே 1 முதல் முறைப்படி கொண்டாட்டம். (நம் மெரினாவில் உழைப்பாளர் சிலை வைத்ததும் அதே 1959தான்.) தாலி கட்டும் நேரத்தில் அபசகுனமான சத்தம் காதில் விழக்கூடாதென்று கெட்டிமேளம் கொட்டச் சொல்வோமே, அதேதான். மாஸ்கோவின் மே தினச் சத்தத்துக்கு இங்கே கெட்டிமேளம். இப்போது அந்தச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் வருஷா வருஷம் ஜனாதிபதி ஓர் அறிவிப்பு விடுகிறார்: நாட்டுப் பற்றை உறுதி செய்யுங்கள், கொடி ஏற்றுங்கள் என்று. மேளம்தான் நிற்கவில்லை, பந்தலில் ஆளில்லை.

ஆளில்லை என்று சும்மா சொல்லவில்லை. நேற்று ஆபீசில் விசாரித்தேன். "இன்று விசுவாச தினம் தெரியுமா?" என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் ஆர்வமாக நிமிர்ந்து, "எந்தக் கடையில்? எத்தனை சதவீதம் தள்ளுபடி?" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விசுவாசம் என்றால் நமக்கு நாயும் கட்சித் தொண்டரும் ஞாபகம் வருகிற மாதிரி, இவர்களுக்குக் கடை 'லாயல்டி' கார்டுதான். ஒன்பது காபி குடித்தால் பத்தாவது சும்மா. அந்தக் கணக்கில் நானும் பரம விசுவாசி. பர்ஸில் ஐந்து கடை கார்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் பேத்தி தினமும் பள்ளியில் நெஞ்சில் கை வைத்துக் கொடி உறுதிமொழி சொல்கிறாள். போனில் கேட்டுவிட்டு "ஏகாதிபத்தியத்துக்கு ஏண்டா விசுவாசம்?" என்று கொதித்தீர்களே! ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். 1892இல் அதை எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு சோசலிஸ்ட். உங்கள் ஆள்தான் மாமா. 1954இல்தான் நடுவே கடவுளைச் செருகினார்கள். செங்கொடிக்காரர்களுக்குக் கடவுள் ஆகாதே, வித்தியாசம் தெரிய வேண்டாமா?

நான் குடியுரிமை வாங்கியபோது எடுத்த பிரமாணம் இன்னும் கடினம். அயல்நாட்டு ராஜா, இளவரசர் எவருக்கும் இனி விசுவாசமாக இருக்க மாட்டேன் என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே ராஜா இளையராஜா. வெளியே வந்து காரைக் கிளப்பியதும் அவர் பாட்டுதான் ஓடியது. பத்தே நிமிஷத்தில் பிரமாண பங்கம்.

நேற்று சாயங்காலம் மனசு கேட்காமல், ஹேமார்க்கெட் குண்டு வெடித்த டெஸ்பிளெய்ன்ஸ் தெருவுக்குப் போனேன். அன்று பேச்சாளர்கள் ஏறிப் பேசிய வண்டியின் நினைவாக 2004இல் ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். அடியில் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் பதித்த பட்டயங்கள். சிறு வயதில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் உங்கள் தோளில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறரை. காலை எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தவன். எட்டு மணி நேரம் கேட்டுச் செத்தவர்களுக்கு முன்னால் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வந்து நிற்கிறேன். சிற்பத்து உருவங்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் மே 1 கட்டாயம் லீவு போடுகிறேன். போன் போடுங்கள், உரக்கப் பேசுவேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ன என்று கேட்டால் 'குடும்ப விசேஷம்' என்று எழுதப்போகிறேன். அது பொய்யில்லைதானே மாமா?

மாமிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: காபி கார்டில் ஒன்பது ஓட்டை ஆகிவிட்டது. பத்தாவது காபி மே தினக் கணக்கில் உங்கள் பேரைச் சொல்லிக் குடித்தாயிற்று.