லாரிக்கும் உண்டு ரசிகர் மன்றம்

கேள்வி: இங்கிலாந்தில் பெரியவர்கள் பழைய லாரிகளை நினைத்து உருகுகிறார்களாமே? லாரியில் உருக அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், நாமக்கல்

பதில்: நாமக்கல்லில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! இங்கிலாந்தில் லாரிக்குப் பின்னால் குடும்பச் சண்டையே உண்டு. செஷயரில் சாண்ட்பாக் என்றொரு ஊர். நீராவி லாரி செய்து பேர் வாங்கிய ஃபோடன் குடும்பம் அங்கேதான் இருந்தது. "இனி டீசல்தான்" என்று எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் தலைபாடாக அடித்துக்கொண்டார், வீட்டில் எடுபடவில்லை. பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய 63 வயதில், 1933-இல், தனிக்குடித்தனம் போய்விட்டார். தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இ.ஆர்.எஃப். என்று கம்பெனி. முதல் லாரியில் கார்ட்னர் டீசல் எஞ்சின். சேஸிஸ் எண்? வயதையே போட்டார்: 63. பங்காளிகளும் பிறகு டீசலுக்கே வந்தார்கள். ஃபோடன் லாரி இப்போது வருவதில்லை. ஃபோடன் பெயரைச் சுமக்கும் பித்தளை வாத்தியக் குழு மட்டும் இன்னும் வாசிக்கிறது.

எடி ஸ்டோபார்ட் என்ற சரக்குப் போக்குவரத்து கம்பெனியின் லாரிகள் கதையே வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர். முதலில் மாடல் அழகி ட்விக்கி, அப்புறம் பாடகிகள் டாமி, டாலி, சூசி. பச்சையும் சிவப்புமாக லாரி கண்ணில் பட்டால் காரின் பின்சீட்டிலிருந்து பெயரைப் படித்துக் குறித்துக்கொள்ளும் கூட்டம் இருந்தது. ரசிகர் மன்றமும் இருந்தது. சினிமாவே எடுக்காமல் மன்றம் கண்ட லாரி! மனைவி பெயர் வைக்காமல் பாடகி பெயர் வைத்தது ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். குடும்பச் சண்டை ஒன்று போதும்.