ரெண்டு பேருக்கான சாப்பாடு

நான் பிறந்தபோது ஒன்பது பவுண்டு. 1962-இல் கும்பகோணத்தில் அது ஒரு பட்டம். என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. வந்து சேரும்வரை அம்மா இந்தப் பட்டத்தைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் தூக்கிவிட்டுக் கை வலிக்கிறது என்று இறக்கிவிட்டவர்களின் பட்டியலே அவளிடம் உண்டு. பால்மாவு டப்பாவில் சிரிக்கும் கொழுகொழு குழந்தைதான் அந்தக் காலத்து லட்சியம். அண்ணன் ஐந்தரை பவுண்டு. பாவம், அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"வயித்துல இன்னொரு உசுரு இருக்கு, ரெண்டு பேருக்கு சேத்துத் தின்னு" என்று அப்பாயி தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பாளாம். வளைகாப்பு இலையில் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். பப்பாளிக்கு மட்டும் கடுமையான தடை. ஜாங்கிரிக்குத் தடை போட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்பா போன கவலையில் வந்தது என்று தீர்ப்பாயிற்று. எனக்கு 40 வயதில் வந்தபோது பரம்பரை என்றார்கள், ஏதோ நாலு மா நஞ்சையை எழுதிவைத்த மாதிரி.

போன வருஷம் மகள் உண்டானாள். ஆறாம் மாதம் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவளுக்கு 152. வெறும் வயிற்றோடு வா என்றால் பஸ் ஏறி வருகிற கர்ப்பிணி பாதி வழியில் மயங்கிவிடுவாள், இல்லையென்றால் வரவே மாட்டாள். அதனால் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்க்கலாம் என்று இந்த முறைக்காக வாதாடியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அம்மாவின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்; அம்மாவின் இன்சுலின் போகாது. டென்மார்க்கின் பெடர்சன் 1950-களிலேயே போட்ட கணக்கு இது. கேட்காமல் வந்து குவியும் விருந்தைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளும். மிச்சமெல்லாம் கொழுப்பாகப் படியும். தொப்புள்கொடியை வெட்டியதும் விருந்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. அதனால்தான் இப்படிப் பிறக்கிற குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. வளர்ந்த பிறகு பருமனும் சுகரும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அரிசோனாவின் பிமா பழங்குடிகளிடம் உடன்பிறந்தவர்களையே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தாய்க்குச் சுகர் வருமுன் பிறந்த பிள்ளையைவிட வந்தபின் பிறந்த பிள்ளைக்குத்தான் நோய் அதிகம். பரம்பரை ஒன்றுதான், குடியிருந்த வயிற்றின் நிலைமைதான் வேறு.

அண்ணனுக்கு இன்றுவரை சுகர் இல்லை. 1962-இல் அம்மாவுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்காததால், என் ஒன்பது பவுண்டை நான் எந்தக் கோர்ட்டுக்கும் கொண்டுபோக முடியாது.

152 என்ற செய்தி போனதும் சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மூன்று மாதம் முன்பு நெய்யில் மிதக்கும் அல்வாவை ஊட்டியவர், இப்போது சோற்றுப் பானையையே மூடிவிட்டார். காலையில் ஒரு இட்லி, ராத்திரி மோர். தின்னு என்றதும் தின்னாதே என்றதும் ஒரே குரல்தான். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து குலாப்ஜாமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டினியும் குழந்தைக்கு நல்லதல்ல என்பதைச் சம்பந்தியம்மாவிடம் யார் சொல்வது? 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு, 50 வயதில் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்திருந்தது. புனேயில் டாக்டர் யாக்னிக் நம் குழந்தைகளைப் பிரிட்டிஷ் குழந்தைகளோடு ஒப்பிட்டார். எடை மிகவும் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லிக் குழந்தைக்குள்ளும் ஒரு குண்டுக் குழந்தை! நல்லவேளையாக உணவு ஆலோசகர் தலையிட்டார். சோறு அளவாக, கூடவே சுண்டல், முட்டை, கீரை, மூன்று வேளையை ஆறாகப் பிரிப்பது, சாப்பிட்டபின் நடை. மருந்து இல்லாமலே எண் இறங்கியது.

பிரசவம் சுகமாக முடிந்தது. ஆறாவது வாரம் தாய் மறுபடி அதே குளுக்கோஸைக் குடித்துப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சுகர் வரும் வாய்ப்பு பல மடங்கு. "கொழந்ததான் பொறந்தாச்சே சம்பந்தி, இன்னும் என்ன டெஸ்ட்டு?" என்றார் சம்பந்தியம்மா. அன்றைக்குப் பெயர்சூட்டு விழாவாம். சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்றாம். மகள் எதிர்த்துப் பேசவில்லை. முந்தின நாளே பிள்ளையை மாப்பிள்ளை மடியில் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து டெஸ்ட்டுக்குப் போய்விட்டாள்.