மீதி 400 எங்கே சார்?

பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கு விளக்கக் கூட்டம். பாஸாகப் பாடத்துக்கு 35 மார்க் போதும் என்று ஆரம்பித்தார் ஆசிரியர். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் 35 என்பது கெட்ட வார்த்தை.

கட் ஆஃப் வந்ததும்தான் பேனாக்கள் திறந்தன. மொத்தம் 600. பொறியியல் கவுன்சலிங்குக்குத் தமிழும் ஆங்கிலமும் கணக்கில் வராது. பையன் ராப்பகலாகப் படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் வராது! கணக்கு மட்டும் முழுசாக 100. இயற்பியலும் வேதியியலும் ஆளுக்குப் பாதியாக இளைத்து ஐம்பது, ஐம்பது. ஆக 200.

“அப்ப மீதி 400 எங்கே சார்?” பின்வரிசை அப்பாவின் குரலில் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவரின் நடுக்கம்.

டாக்டர் ஆசையென்றால் இந்த 200-ம் உதவாது, நீட்டின் 720 தனி என்றார் ஆசிரியர். 2018 வரை பிளஸ் டூவே 1200 மார்க்தானே என்று ஒரு தாத்தா எழுந்தார். குழப்பம் முழுமையானது.

கடைசியாக ஆசிரியர், “உங்க பிள்ளைக்கு எதில ஆர்வம்னு கேட்டீங்களா?” என்றார்.

முன்வரிசை அம்மா பேனாவைத் திறந்தார். “அதுக்கு எத்தனை மார்க் சார்?”